சொல்லளவிலான வேறுபாடுகள்

2067ஆம் ஆண்டு நவம்பர் 14, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். பாளையங்கோட்டையில் மூன்றாம் நாளாக மழை, காற்று இல்லை, வெப்பநிலை இருபத்து நான்கு பாகை. தம் கணவரும் கணவரின் நண்பரும் ஆறு ஆண்டுகளாக ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கவே இல்லை என்பதை ரூபவதி அப்போது கண்டுபிடித்தார்.

கணவர் யோபு ஞானாபரணம், எழுபத்து மூன்று வயது. திருச்சபை வரலாறும் சிரியாக் மொழியும் கற்பித்து ஓய்வு பெற்றவர். நண்பர் கிதுரு முகம்மது, மேலப்பாளையத்துக்காரர், இரண்டு வயது இளையவர். அதே கல்லூரியில் அரபு மொழியும் தொடக்ககால இஸ்லாமிய வரலாறும் கற்பித்தவர். இருவரும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டு வந்தனர். ஏழாம் நூற்றாண்டில் சிரியாவும் எகிப்தும் அரபுப் படைகளிடம் அவ்வளவு விரைவாக வீழ்ந்தது எதனால்?

ஞானாபரணத்தின் விடை கிறிஸ்தவர்களுக்கு உவப்பானதன்று. கிறிஸ்துவுக்கு இயல்பு ஒன்றா இரண்டா என்பதில் ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபை பிளந்தது. 'இரண்டு' என்பது, சிரியாவையும் எகிப்தையும் ஆண்ட கிறிஸ்தவப் பேரரசின் முடிவாயிற்று. 'ஒன்று' என்று நின்றவர்கள் சிரியாவிலும் எகிப்திலும் மிகுதி. பேரரசர் அவர்களுடைய ஆயர்களைத் துரத்தினார், துறவிகளைச் சிறையிட்டார், உடன்பாட்டுப் பத்திரங்களை நீட்டிக் கையொப்பம் கேட்டார். ஆகவே அரபியர் வந்தபோது பேரரசைக் காக்க எவருக்கும் மனமில்லை. கதவைத் திறந்து வைத்தவர் பேரரசரே என்பது அவர் வாதம்.

கிதுரு இதை ஒருபோதும் ஏற்கவில்லை. முஸ்லிமாகிய அவர் ஏற்காததும், கிறிஸ்தவராகிய இவர் வலியுறுத்துவதும் மாணவர்களுக்கு வேடிக்கையாக இருந்தன. கிதுருவுக்கு அது வேடிக்கையன்று. "உங்க ஆளுக உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டதாலதான் நாங்க வந்தோம்னா, எங்ககிட்ட சொல்லுததுக்குன்னு ஒண்ணுமே இல்லையா வே? நாங்க என்ன, ஆள் இல்லாத வீட்டுல பூந்தவங்களா?" என்று ஒரு கருத்தரங்கில் அவர் மேசையைத் தட்டியது கல்லூரியில் நெடுநாள் பேசப்பட்டது.

இச்சண்டைக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. ஒருவர் சொன்னதை மறுப்பதற்கு முன், மற்றவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதேதான் நான் சொன்னது" என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. எதிராளியின் கருத்தைத் திரிக்க இதில் இடமில்லை என்பதில் இருவருக்கும் பெருமை. பேசுபவரின் முகத்தைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று கேட்பவர் கண்ணை மூடிக்கொள்வதும் அவ்வொழுங்கில் சேர்ந்தது. பேசி முடித்தபிறகே அதை இருவரும் சேர்ந்து நூலாக எழுதுவது என்று முடிவுசெய்து, ஓய்வுக்குப்பின் வாரம் இருமுறை ஞானாபரணத்தின் வீட்டில் கூடினர்.

இருவருக்கும் காது மந்தம். அறுபத்தைந்து கடந்தவர்களுக்குச் சுகாதாரத் துறை இலவசமாக வழங்கிய காது மிஷினை ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் வரிசையில் நின்று வாங்கியிருந்தனர். வகுப்பறைகளிலும் அரங்குகளிலும் அணிய வேண்டிய செவிக்கருவிகளில் 'இசைவு' என்னும் ஏற்பாடு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். சமயப் பூசல் எழும்போது, பேசியவரின் குரலிலேயே, அவருடைய இருமல் உட்பட, சொற்களை மட்டும் மாற்றிக் கேட்பவர் செவிக்குத் தரும் ஏற்பாடு அது. கலவரங்களுக்குப்பின் வந்த சட்டம். பொது இடங்களுக்கானது, வீடுகளுக்கன்று. அவ்வாறே அவர்கள் நம்பினர்.

அன்று முற்பகல், கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரூபவதியின் மிஷின் அணியாத காதில் விழுந்தது இது.

"சிரியாக்காரங்க அரபுப் படையப் பாத்துச் சந்தோசப்பட்டாங்கன்னு நீரு காட்டுத ஆளு, ஐநூறு வருசம் கழிச்சு உக்காந்து எழுதுனவரு," என்றார் கிதுரு. "அத வச்சு எழுதுனா அது வரலாறு இல்ல வே, ஆறுதல்."

கண்ணை மூடியிருந்த ஞானாபரணம் தலையசைத்தார். "திருப்பிச் சொல்லுதேன். பேரரசரோட கொடுமைதான் மூல காரணம், சிரியாக்காரங்க எழுதி வச்சதே சாட்சின்னு சொல்லுதீரு."

"ஆமா. அதேதான் நான் சொன்னது."

ரூபவதி கீரையைக் கீழே வைத்தார். இதுபோன்ற பேச்சை அவர் முன்பும் பலமுறை கேட்டிருந்தார். கிழவர்கள் இருவரும் சலித்துப்போய்ப் புதிதாக ஏதோ விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றே இதுவரை எண்ணியிருந்தார். இன்று கணவரின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ரெண்டு பேரும் என்ன வெளையாட்டு வெளையாடுதிய?"

"வெளையாட்டா? கடைசி அத்தியாயம் முடியப்போவுது, தங்கச்சி," என்றார் கிதுரு.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு சொல்லுதிய. இவுக அதுக்கு நேர் மாறா ஒண்ணச் சொல்லி, இதானேன்னு கேக்காக. நீங்க ஆமாங்கிய. என்ன கூத்து இது?"

இருவரும் அவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்தனர். "சரியாச் சொன்ன ரூபி," என்றார் ஞானாபரணம். "நாங்க சொல்லுதது ரெண்டும் ஒண்ணுதான்னு ஒனக்கே தெரிஞ்சிபோச்சு பாரு."

ரூபவதி இருவர் காதிலும் இருந்த மிஷின்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிதுருவின் முன்னால் சென்று, காதிலிருப்பதைக் கழற்றும்படி கையால் காட்டினார். அவர் விழித்தார், கழற்றினார். ரூபவதி அவருடைய வலக்காதருகே குனிந்து, தெரு முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார்.

"அவுக ஒத்துக்கிடல அண்ணாச்சி! ஒரு நாளும் ஒத்துக்கிடல! நீங்க சொல்லுததுக்கு எதிராத்தான் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டு இருக்காக!"

கிதுரு எழுந்து, நண்பரின் காதிலிருந்த மிஷினைத் தாமே பிடுங்கினார்.

அதன்பின் நடந்ததை எதிர்வீட்டார் சமய இசைவு ஆணையத்துக்குத் தந்த புகாரில் 'கடும் சமயப் பூசல், நாற்பது நிமிடம்' என்று குறித்திருந்தனர். இரண்டு கிழவர்கள் மாறி மாறி ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்கள் என்பதே உண்மை.

"நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் வே!"

"என்னது?"

"ஜெயிச்சிட்டேன்னு! ஆறு வருசமா!"

"நீரா? நான்ல ஜெயிச்சேன்! மனுசன் ஒவ்வொண்ணா விட்டுக்குடுத்துட்டு வாராரே, வயசாயிட்டு, மூளை மங்கிட்டு போலன்னு உமக்காவ ஜெபம் பண்ணியிருக்கேன்!"

கிதுரு நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவரும் அவ்வாறே துஆ கேட்டிருந்தார். நாற்பது ஆண்டு எதிராளி தம் கண்முன்னே மழுங்கிப்போகிறார் என்று இரங்கி, ஆறு ஆண்டுகளாக வாதத்தைச் சற்று மென்மையாக்கியே பேசி வந்தார். வென்ற மகிழ்ச்சி முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. பிறகு எஞ்சியது இரக்கம் மட்டுமே. அந்த இரக்கமே இப்போது சினமாயிற்று. சினம் என்பதற்கு மேற்பட்ட சொல் அவருக்குத் தெரிந்த இரு மொழிகளிலும் அப்போது அகப்படவில்லை.

"உம்மப் பாத்துப் பாவப்பட்டேன் வே," என்றார். ஞானாபரணத்துக்கு அது கேட்கவில்லை. மறுபடி கத்துவதற்குக் கிதுருவுக்கு விருப்பமும் இல்லை.

ஞானாபரணத்தின் செவி அந்த ஆண்டு இறுதிக்குள் முற்றும் அணைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காதருகே கத்தினாலும் பயனிராது. நவம்பர் 25, வெள்ளிக்கிழமை, காதுக்குள்ளேயே ஒரு கருவியைப் பதிப்பதாக ஏற்பாடு. பதித்த கருவியைக் கழற்ற இயலாது. அதிலும் இசைவு உண்டா என்று ரூபவதி மருத்துவமனையில் கேட்டார். "எல்லாத்துலயும் உண்டும்மா, அது இல்லாமத் தயாரிக்கவே கூடாது," என்று பதில் வந்தது.

ஆகவே ஞானாபரணத்தின் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தித்திப்பு மட்டும் கேட்கும் செவி, மற்றது, செவிடு. மூன்றாவதாக ஒரு வழி கிடைக்கலாம் என்றால் அது விலக்கு. இசைவு நீக்கிய கருவியை வழங்கச் சமய இசைவு ஆணையத்துக்கு அதிகாரம் இருந்தது. இருவருக்கும் விலக்குக் கோரிக் கிதுரு விண்ணப்பம் எழுதினார். எதிர்வீட்டார் தந்த புகாரும் அவ்விண்ணப்பமும் ஒரே நாளில் ஆணையத்தை அடைந்தன.

நவம்பர் 21 அன்று வண்ணார்பேட்டை அலுவலகத்தில் அவர்களை விசாரித்த மண்டல ஆணையர் கோமதி சங்கரிக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் செவியில் கருவி இல்லை. ஆணையர்களுக்கு மட்டும் சட்டம் அந்த விலக்கைத் தந்திருந்தது. அறையில் எவர் பேசினாலும் பேசிய சொற்கள் அப்படியே சுவரில் எழுத்தாக ஓடின. உள்ளதை உள்ளபடி எழுதிக்காட்ட அந்தச் சுவருக்கு மட்டும் அனுமதி உண்டு என்று உதவியாளர் ஒருவர் பெருமையுடன் தெரிவித்தார். நண்பர்கள் இருவரும் மிஷின்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரை வாசித்தனர்.

"வீட்டுக்குள்ள இது வேலை செய்யாதுன்னுதானே சட்டம்?" என்றார் கிதுரு.

"பொது இடம்னா என்னன்னு விதியில திருத்தம் வந்தாச்சு சார். வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த ரெண்டு பேர் எங்க இருந்தாலும் அது பொது இடம்."

"எப்பம் வந்துச்சு?"

"ஏழு வருஷம் ஆச்சு."

"யாருகிட்ட சொன்னிய?"

"அரசிதழ்ல இருக்கு." ஆணையர் இதைச் சொல்லும்போது அவருக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது. உடனே நிமிர்ந்தார். "சார், நான் ஒரு விஷயம் சொல்றேன். கலவரத்துல இந்த ஊர்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ரயில் சந்திப்புப் பக்கத்துல எங்க அண்ணன் கடை வச்சிருந்தார். அவர் எந்தப் பக்கமும் இல்ல. அவரைக் கொன்னவனும் அவர் எந்தப் பக்கம்னு கேக்கல. சட்டம் வந்த பிறகு மூணு மாவட்டத்துல ஒரு கல்லு பறக்கல. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, சிநேகிதர்கள். உங்க ரெண்டு பேருக்காக இதை நான் திறந்துவிட்டா, நாளைக்கு வேற ரெண்டு பேர் வந்து நிப்பாங்க. அவங்க சிநேகிதர்களா இருக்க மாட்டாங்க."

 கலவரம் நடந்த வாரங்களில் கிதுருவும் மூன்று ஜனாஸா நல்லடக்கங்களுக்குச் சென்றிருந்தார். சுவரில் ஓடிய எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த ஞானாபரணமே பேசினார்.

"மேடம், அறுநூத்தி நாப்பத்தெட்டாம் வருசம் ஒரு பேரரசர் இதே மாதிரி ஆணை போட்டாரு. கிறிஸ்துவுக்குச் சித்தம் ஒண்ணா ரெண்டான்னு இனிமே எவனும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா தண்டனை. ஊரு அமைதியா இருக்கணுமேங்கிற நல்ல எண்ணந்தான்."

"அதுக்குள்ள சிரியாவும் எகிப்தும் எங்க கையில வந்தாச்சு. கதவு போனபொறவு பூட்டு வாங்குன கதை," என்றார் கிதுரு.

"நீரு சும்மா இரும் ஓய். உமக்கு இதுல வேற சந்தோசம்." ஞானாபரணம் ஆணையரிடம் திரும்பினார். "ஒரு வயசான துறவி கேக்கல. பேசுனாரு. நாக்கையும் வலது கையையும் வெட்டிட்டாங்க."

"நாங்க யாரோட நாக்கையும் வெட்டலையே சார்."

"அதான் மேடம் எனக்குக் கோவம்." அவர் குரல் உயரவில்லை. "அவரு நாக்க வெட்டுனப்ப, பேசுததுக்கு இங்க ஒரு விசயம் இருந்துச்சுன்னாவது ஊருக்குத் தெரிஞ்சுது. நீங்க நாக்க விட்டுட்டிய. நான் பேசுதேன், இந்த மனுசன் கேக்காரு, நான் சொல்லாதது அவரு காதுல விழுது. நான் ஊமைன்னு எனக்கும் தெரியல, செவிடுன்னு அவருக்கும் தெரியல. அந்தப் பேரரசரு கொடூரன். ஆனா திருடன் இல்ல."

உதவியாளர் சுவரைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஆணையர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுதிக் காட்டிப் பேசிக்கலாமே," என்றார் கடைசியில். "கையால எழுதுறதுக்குத் தடை இல்ல."

"நாப்பது வருசத்துல இந்த மனுசன ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்ல மேடம்," என்றார் கிதுரு. "அவரும் என்னய விட்டதில்ல. தாள்ல எப்படி நடுவுல பூருதது?"

ஆணையருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிதுரு பின்னர் நினைத்துப் பார்த்தபோது, அவர் கொடியவரல்லர் என்பதே தமக்கு மிகவும் சினமூட்டியது என்று உணர்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஆணையர் இரண்டு தாள்களை எடுத்தார்.

"விலக்கு தர ஒரு வழி இருக்கு. உங்க வாக்குவாதத்தால பகை வராதுன்னு ஆணையத்துக்கு உறுதி வேணும். இதுல மூணு வாக்கியம். கையெழுத்துப் போடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள இசைவு இல்லாத கருவி வந்துடும். ரெண்டு பேருக்கும்."

மூன்று வாக்கியங்களும் பிழையின்றி அமைந்திருந்தன. ஒன்று: 'எங்கள் விவாதம் கடந்தகால வரலாற்றைப் பற்றியது.' இரண்டு: 'அதனால் எவர் மீதும் பகை பாராட்டோம்.' மூன்று: 'கிறிஸ்தவத்தின் உட்பிரிவுகளுக்கு இடையிலும், கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் இடையிலும் உள்ள வேறுபாடுகள் சொல்லளவிலானவையே; பொருளளவில் வேறுபாடு இல்லை என்பதை ஏற்கிறோம்.'

கிதுரு ஒருமுறை வாசித்தார்; பேனாவை வாங்கினார்; ஒப்பமிட்டார். அவர் நினைவில் அப்போது இருந்தது வெள்ளிக்கிழமை மட்டுமே.

ஞானாபரணம் இரண்டு முறை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மூன்றாம் முறையும் வாசித்தார். பின் தாளை மேசையில் வைத்து, ஆணையர் பக்கமாக நகர்த்தினார்.

"முடியாது மேடம்."

"என்னவே முடியாது?" கிதுருவின் குரலை அடுத்த அறையிலிருந்தவர்களும் கேட்டிருப்பர். "வெறும் காயிதம்! போட்டுட்டுப் போவும்!"

"காயிதந்தான் வே. அன்னைக்கும் காயிதந்தான் நீட்டுனாங்க. சிரியாக்காரன் அதுல போட்டிருந்தா மடத்துல நிம்மதியா இருந்திருப்பான். அவன் போடாததுதான் சரின்னு நாப்பது வருசமா வகுப்பெடுத்துட்டு இன்னைக்கு நான் போடவா?"

"அவங்க போடல, சரி. என்ன ஆச்சு? பிரிஞ்சாங்க. பேரரசு போச்சு."

"போடாததால பிரியல. பத்திரத்தாலதான் பிரிஞ்சாங்க. நல்லாக் கவனிச்சுப் பாரும். ஒத்துமைக்குன்னு ஒவ்வொரு பத்திரம் வந்தப்பயும், முன்னால ரெண்டா இருந்தது மூணாச்சு. போட்டவன், போடாதவன், போட்டுட்டு அழுதவன்."

"உம்ம கௌரவத்துக்கு என் காதையும் சேத்துல அடைக்கீரு!"

"கௌரவமா?" ஞானாபரணம் முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "மூணாவது வாக்கியத்த இன்னொருக்கப் படியும். நான் கும்பிடுத ஆண்டவரு சிலுவையில மரிச்சாரு. உங்க வேதம் மரிக்கலங்குது. அவரு மரிக்கலன்னா நான் நம்புததெல்லாம் வீண். அவரு தேவகுமாரன்னா நீரு நம்புததுல பெரிய கோளாறு இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும். இது சொல்லளவா வே?"



ஆணையர் தாம் எழுதிக்கொண்டிருந்த குறிப்பை முடித்தார். "சரி. ரெண்டு பேரும் போட்டாத்தான்னு கட்டாயம் இல்ல. தனித்தனியாவே தரலாம். கையெழுத்துப் போட்டவருக்கு விலக்கு உண்டு. போடாதவருக்கு இல்ல. ஞானாபரணம் சார், உங்களுக்கு வழக்கமான கருவிதான் பதிப்பாங்க."

"எனக்குப் பதிக்கவே வேண்டாம். தித்திப்புக் காது எனக்கு எதுக்கு? இருக்கது அணையட்டும்."

ரூபவதி இதுவரை சுவரோரம் அமர்ந்திருந்தார். கணவர் இதைச் சொன்னபோது அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அவர் குரலையும் கணவர் இனிக் கேட்கப்போவதில்லை. "அவுக முடிவு," என்றார். சுவரில் அதுவும் எழுத்தாக ஓடிற்று. ஞானாபரணம் அதை வாசித்துவிட்டு மனைவியின் பக்கம் சிறிது நகர்ந்து அமர்ந்தார்.

ஆக, ஏற்பாடு இவ்வாறு முடிந்தது. கிதுரு நண்பரின் உண்மையான சொற்களைக் கேட்பார். நண்பர் கிதுருவின் எந்தச் சொல்லையும் கேட்கமாட்டார். ஒரே அறைக்குள் ஒரு தாள் வந்த கால்மணி நேரத்தில், போட்டவர் ஒருவர், போடாதவர் ஒருவர்.

"நல்லதாப் போச்சு," என்றார் ஞானாபரணம். "ஒருத்தருக்காவது காது வேணும்லா. இனிமே நான் பேசுதேன், நீரு கேளும். நடுவுல பூந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்ல."

"வாய மூடும்."

"இப்பமே பழகிக்கிடும்."

"வாய மூடும்ங்கேன்!"

கிதுரு ஆணையர் முன்னிருந்த தம் தாளைத் தம் பக்கம் திருப்பி, மூன்றாம் வாக்கியத்தை மீண்டும் வாசித்தார். முதல்முறை அதை அவர் வாசிக்கவில்லை, கடந்துபோயிருந்தார். இறைவன் ஒருவனே, அவனுக்கு மகன் இல்லை என்பதைச் சிறுவயது முதல் தொழுகைதோறும் சொல்லி வருகிறார். அதைச் சொல்வதற்காக முதல் தலைமுறையினர் மக்காவில் அடிபட்டனர்; ஊரைவிட்டு ஓடினர். அவர்கள் அவ்வளவையும் சொல்லளவிலான ஒன்றுக்காகச் செய்தனர் என்று சற்றுமுன் தாம் ஒப்பமிட்டிருப்பது அவருக்குத் தெளிவாயிற்று. எவரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சிறையில்லை, வாளில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும் கருவி ஒன்றே போதுமானதாக இருந்தது. சினம் இப்போது ஆணையத்தின் மீதோ நண்பர் மீதோ இல்லை.

"மேடம், அந்தத் தாளத் தாங்க. நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்."

"சமர்ப்பிச்ச தாளைத் திருப்பித் தர முடியாது சார். வேணும்னா மறுத்து எழுதிக் கொடுக்கலாம். ஆனா கொடுத்துட்டா அப்புறம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. உங்க மிஷின்ல கடைசி வரைக்கும் இசைவு இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியுது. ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

ஆணையர் வெள்ளைத்தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். குரல் மென்மையாயிற்று; உண்மையான கனிவு அது. "உங்க சிநேகிதர் போடலைங்கிறதுக்காக இதைச் செய்றீங்க. புரியுது. ஆனா அவரோட பிடிவாதத்துக்கு நீங்க ஏன் சார் பலியாகணும்? இது கிறிஸ்தவங்களுக்குள்ள ஆயிரத்தைந்நூறு வருஷமா இருக்கிற பழைய சண்டை. உங்களுக்கு இதுல என்ன?"

"ஆமா வே," என்றார் ஞானாபரணம், சுவரை வாசித்துவிட்டு. "அந்த அம்மா சொல்லுதது சரி. எனக்காவ இதச் செய்யாதேயும். நான் கேக்கல."

கிதுரு முதலில் அவரைப் பார்த்தார். பிறகு ஆணையரைப் பார்த்தார். நாற்பது ஆண்டுகளாக எந்த வாதத்தை அவர் மறுத்து வந்தாரோ, அதையே கனிவும் அன்பும் கலந்து இருவரும் அவர் முகத்தில் வைத்தனர். அவர்களுடைய பூசலே இவருடைய முடிவுக்குக் காரணம். இவருக்கென்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"தாளத் தாங்க," என்றார். இம்முறை ஆணையர் கொடுத்தார்.

அவர் நின்றுகொண்டே எழுதினார். நான்கு வரிகள் எழுதினார், இரண்டை அடித்தார், அடித்தல் உள்ள தாளைக் கொடுக்க மனமின்றி வேறொரு தாள் கேட்டு வாங்கி, தெளிவான கையெழுத்தில் மீண்டும் எழுதினார். முடித்ததும் ஞானாபரணம் கையை நீட்டினார்.

"காட்டும். ஒற்றுப்பிழை இருக்கும் உமக்கு."

"பாரும்."

ஞானாபரணம் வாசித்தார்.

'21.11.2067 அன்று நான் ஒப்பமிட்ட உறுதிமொழியின் மூன்றாம் வாக்கியம் பொய். அது பொய் என்பதாலேயே என் ஒப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். இம்முடிவுக்கு வேறு எவருடைய மறுப்பும், வேறு எவருடைய பூசலும் காரணமன்று.'

"என் பேரு ஒரு எடத்துலயும் இல்லையே," என்றார் ஞானாபரணம்.

"இருக்காது."

"நான் போட்டிருந்தா?"

"நீரு போட்டிருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்."

"அத எப்படி வே நிரூபிப்பீரு? நான் போடாம இருந்த பொறவுதானே—"

"நிரூபிக்க முடியாது," என்று இடையில் புகுந்தார் கிதுரு. "அன்னைக்குச் சிரியாவுக்கு வந்த எங்க ஆளுகளாலயும் முடியல. அதுக்காவ அது பொய்யாயிருமா?"

ஞானாபரணம் வாயைத் திறந்தார். சுவரில் அவருக்குரிய வரி வெறுமையாகவே இருந்தது. அவர் தாளை மடிக்காமல் நண்பரிடம் திருப்பிக் கொடுத்தார்.

கிதுரு அதன் அடியில் ஒப்பமிட்டு, தேதியிட்டு, ஆணையரிடம் நீட்டினார். ஆணையர் அதைப் பெற்றுக்கொண்டார்.